மஞ்சள் கோடு போட்ட போல்ட்டுகள்

என் ஜீப்பிலிருந்து ஆயில் சொட்டுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது நானில்லை, கம்பெனி வாட்ச்மேன். அதனால் முதல் சந்தேகமும் எனக்கு அவர்மேல்தான் வந்தது.

திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் மாதம் ஒருமுறை செகண்ட்ஸ் எடுக்கிறேன். ஏற்றுமதிக்குத் தைத்ததில் ஓட்டை, கறை, தையல் கோணல் என்று ஒதுக்கிய உருப்படிகள்தான் செகண்ட்ஸ். அவற்றை மூட்டை கட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரியும் உடுமலை தாண்டி அமராவதி நகர்ப் பக்கம் போவோம். அணையைச் சுற்றி உள்ள தோட்டங்களுக்கும் கூலி ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கும் போய் விற்போம். மழை பெய்துவிட்டால் அந்த மண் பாதைகளில் சாதாரண வண்டி புதைந்துவிடும். அதற்காகவே நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு பழைய டீசல் ஜீப்பை மூன்றாம் கையாக வாங்கினேன். நான் ஓட்டுவேன், அவள் விற்பாள். எனக்கு ஆட்களிடம் பேச வராது. யாராவது விலை கேட்டால் காது சூடாகிவிடும். அவள் நாலு பேருக்கு ஒரே சமயத்தில் விலை சொல்லி, ஐந்தாவது ஆளைக் கேலியும் செய்வாள்.

அந்தத் திங்கட்கிழமை, தீபாவளிக்கு மொத்தமாகத் தருகிற செகண்ட்ஸ் லாட்டைப் பார்த்துவிட்டு வரப் போயிருந்தேன். எங்களுக்கு வருடத்தில் பாதி வியாபாரம் அந்த ஒரு லாட்டில்தான். உள்ளே அரை மணி நேரம் துணி பார்த்துவிட்டு வெளியே வந்தால், வாட்ச்மேன் ஜீப்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்ணா, உங்க வண்டிக்கு வயசாயிருச்சுங்களா? நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிருக்குது பாருங்க."

குனிந்து பார்த்தேன். சிமெண்ட் தரையில் கறுப்பாக ஏழெட்டுச் சொட்டு. நான் வந்து நிறுத்தும்போது அது இருந்ததா, இவரே ஏதாவது ஊற்றினாரா என்று ஒரு நினைப்பு ஓடியது. கொஞ்ச நாளாகவே காதர்பேட்டையிலிருந்து ஒரு வியாபாரி இந்த செகண்ட்ஸுக்காகக் கம்பெனி வாசலில் நடமாடிக்கொண்டிருந்தார். வாட்ச்மேனுக்கு அவர் டீ வாங்கிக் கொடுத்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டிக்கடியில் இன்னொரு சொட்டு விழுந்தது. அதற்கு மேல் வாட்ச்மேனைச் சந்தேகிக்க வழியில்லை.

மேனேஜர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கோபப்பட மாட்டார். அவருடைய மரியாதைதான் பயமாக இருக்கும்.

"தப்பா நெனைச்சுக்காதீங்ணா. ஒரு சொட்டு ஆயிலு போதுமுங்க. ட்ராலிச் சக்கரம் அதும்மேல ஏறும், அந்தச் சக்கரம் பேக்கிங் செக்‌ஷன் வரைக்கும் போகும். அடுத்த திங்கக்கெழமை வெளிநாட்டுப் பையரோட ஆளுக ஆடிட்டுக்கு வர்றாங்க. சனிக்கெழம மத்தியானத்துக்குள்ள லாட் எடுத்தாகோணும். வண்டி சொட்டாம வந்துச்சுன்னா நீங்களே எடுங்க. இல்லீன்னா காதர்பேட்டை பார்ட்டி கேட்டுக்கிட்டே இருக்காருங்க."

"வேற வண்டி புடிச்சுட்டு வரட்டுங்களா?" என்று கேட்டேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"அது ஆகாதுங்ணா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். செகண்ட்ஸில் வெளிநாட்டு லேபிள் இருக்கும். அதை வெட்டாமல் யாராவது கடைக்குக் கொடுத்துவிட்டால் கம்பெனிக்குக் கெட்ட பெயர். அதனால் ஒரே ஆளுக்கு, ஒரே வண்டி நம்பருக்குத்தான் கேட் பாஸ் எழுதுவார்கள். எட்டு வருடமாக அந்த நம்பர் என் ஜீப்பினுடையது. ஒருமுறை வேறு நம்பர் எழுதிவிட்டால் அது திரும்ப என்னிடம் வராது. சனிக்கிழமைக்குள் ஜீப் சொட்டாமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தீபாவளியும் போச்சு, அதற்குப் பிறகு வருகிற மாதங்களும் போச்சு.

நான் சந்தேகப்படுகிறவன் என்று வீட்டில் சொல்வார்கள். அது பிறவியில் வந்ததா, தொழிலில் வந்ததா என்று தெரியாது. ஐந்தாவது முடித்ததும் பனியன் கம்பெனிக்கு வந்தேன். சின்னச் சின்ன வேலையெல்லாம் செய்துவிட்டு, பதினாறு வருடம் செக்கிங் டேபிளில் நின்றேன். டியூப் லைட்டுக்கு அடியில் ஒவ்வொரு உருப்படியையும் முன்னும் பின்னும் புரட்டி, உள்ளே கைவிட்டு விரித்து, குறை எங்கே என்று தேட வேண்டும். கண்டுபிடித்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத உருப்படி நல்ல உருப்படி, ஸ்டிக்கர் இருந்தால் அங்கே டேமேஜ். நல்ல இடத்தில் யாரும் அடையாளம் வைக்க மாட்டார்கள். பதினாறு வருடம் அப்படிப் பார்த்த கண்ணுக்கு, ஒன்றும் தெரியாவிட்டால்தான் பதற்றம். குறை இருக்கிறது, நமக்குத்தான் தட்டுப்படவில்லை என்று தோன்றும்.

செவ்வாய்க்கிழமை காலையில் மண்ணரையிலேயே ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு ஜீப்பைக் கொண்டுபோனேன். இரண்டு தையல் கம்பெனிகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட இடம். மெக்கானிக் தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். திருப்பூர் வந்து இருபது வருடமாகியும் ஊர்ப் பேச்சு மாறவில்லை. வாய் ஓயாமல் பேசுவார். பேசுகிற ஆள்மேல் எனக்கு இரட்டைச் சந்தேகம்.

விடுவதற்கு முன்னாலேயே பேட்டரியின் பக்கவாட்டில் ஆணியால் ஒரு கீறல் போட்டிருந்தேன், மாற்றிவிட்டால் தெரிய வேண்டும் என்று.

அவர் அடியில் படுத்து எஞ்சினின் கீழ்ப்பக்கத்தை டீசல் ஊற்றிக் கழுவினார். பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தார். பிறகு முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொட்டி அங்கெல்லாம் தட்டினார். எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டார். இது எதற்கு நாடகம் என்று நினைத்தேன். மறுபடி அடியில் போய் டார்ச் அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்கன பாருங்க அண்ணாச்சி. பவுடர் எங்க நனைஞ்சிருக்கோ அங்கதான் கசிவு. சேம்பர் பேக்கிங் போச்சு. கல்லுல வேற எங்கயோ இடிச்சிருக்கீங்க, விளிம்பு நெளிஞ்சிருக்கு."

எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிற இரும்புத் தொட்டியைத்தான் சேம்பர் என்கிறார்கள். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒழுகாமல் இருக்க வைக்கிற கார்க் அட்டைதான் பேக்கிங். சுற்றிலும் இருபது போல்ட் போட்டு இறுக்கியிருக்கும்.

"ரெண்டு நாளு ஆவும்," என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் காருக்கு ஒரு மணி நேரத்தில் சேம்பர் கழற்றி மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"காருன்னா சரி. ஒங்களுது முன் சக்கரமும் இழுக்குற வண்டில்லா? முன்னால ஒரு அச்சு கெடக்கு, அதுல பூசணிக்கா மாதிரி ஒரு உருண்டை. அது சேம்பருக்கு நேர் அடியில உக்காந்திருக்கு. வண்டியத் தூக்கி அச்சத் தொங்கவிட்டாத்தான் சேம்பர் வெளிய வரும். வேணும்னா நீங்களே இழுத்துப் பாருங்க."

நான் இழுத்துப் பார்க்கவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்மேல் உட்கார்ந்தேன். அன்று முழுவதும் நகரவில்லை. மறுநாளும் அதே டின்.

"என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? பொண்ணு ஓடிடாது, போய் டீ குடிச்சிட்டு வாங்க," என்றார். ஒர்க்‌ஷாப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் போகவில்லை. என்னைக் கிளப்பிவிடப் பார்க்கிறார் என்று தோன்றியது.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தார், அதை மறைக்கக் கூடாது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, அச்சைத் தொங்கவிட்டார். அப்போதும் சேம்பர் இம்மி இடைவெளியில் உரசிக்கொண்டுதான் வெளியே வந்தது. ஒட்டியிருந்த பழைய கார்க்கைப் பிளேடால் சுரண்டினார். நெளிந்த விளிம்பை மரச் சுத்தியலால் தட்டி, ஒரு கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து, ஒளி தெரிகிறதா என்று கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். புது பேக்கிங் வைத்து மாட்டினார். இருபது போல்ட்டையும் முதலில் விரலால் திருகினார். பிறகு ஸ்பேனரில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. கடைசிச் சுற்றில் அவர் இறுக்கவே இல்லை. ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்துச் சும்மா ஒரு தள்ளு. கை நரம்புகூடப் புடைக்கவில்லை. எங்கள் ஜீப்பில் சக்கர நட்டை ஏறி நின்று மிதித்து இறுக்குவார்கள். இவர் பாட்டில் மூடி திருகுகிற மாதிரி திருகிவிட்டு, "போதும்," என்றார்.

பிறகு ஒரு குட்டி டப்பாவைத் திறந்து, தீக்குச்சியை மஞ்சள் பெயிண்டில் தொட்டு, ஒவ்வொரு போல்ட்டிலும் சின்னதாக ஒரு கோடு இழுத்தார்.

ஏன் என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் வேறொரு வண்டிக்காரர் வந்துவிட்டார், மெக்கானிக் அவரோடு சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டார். நடுவில் நுழைந்து கேட்க எனக்குக் கூச்சம். கேட்காமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை மாலை வீட்டு முன்னால் நிறுத்தி, அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தேன். வியாழன் காலையில் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. என் வீட்டுக்காரிக்குச் சந்தோஷம். "நல்ல மெக்கானிக்குதானுங்க," என்றாள். எனக்குச் சந்தோஷம் அரை மணி நேரம்தான் இருந்தது.

படுத்து அடியில் பார்த்தேன். இருபது போல்ட்டிலும் மஞ்சள் அடையாளம். செக்கிங்கில் ஒரு லாட் முழுவதுமே சந்தேகம் என்றால் எல்லா உருப்படியிலும் ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைப்போம். இவரும் அப்படித்தான், வேண்டுமென்றே லூசாக விட்ட போல்ட்டுகளுக்கு அடையாளம் வைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். இப்போதைக்குச் சொட்டாது. அணைப் பக்கம் கல்லிலும் குழியிலும் இரண்டு நடை போனால் கழன்றுவிடும். திரும்ப அவரிடம்தான் போக வேண்டும். அவர் மறுபடி இரண்டு நாள் என்பார். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. அவர் இரண்டு விரலால் திருகியது, நான் கேட்பதற்குள் வேறு ஆளோடு பேசப் போனது, என்னை டீக்கு அனுப்பப் பார்த்தது, எல்லாமே.

மத்தியானம் அவள் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில், பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரையும் ஒரு முழ நீள இரும்புப் பைப்பையும் எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தேன். ஸ்பேனரின் காலில் பைப்பைச் சொருகி, ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினேன். எல்லாமே திரும்பின. சில கால் சுற்று, சில அரைச் சுற்று. பார்த்தாயா, எவ்வளவு லூசாக வைத்திருக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மஞ்சள் கோடு ஒவ்வொன்றும் இரண்டாக உடைந்து விலகும்போது எனக்கு ஒரு நிம்மதி. இருபதையும் முடித்துக் குளித்துவிட்டு, அவள் வந்தபோது டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அட்டையில் ஆறு சொட்டு. வெள்ளிக்கிழமை காலையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்பு.

அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்ற திருப்தி. பயம் அடுத்ததாகத்தான் வந்தது. மறுநாள் சனிக்கிழமை.

"கெளம்புங்க. நீங்க பேசி ஒண்ணும் ஆகப் போறதில்ல," என்று அவளும் ஜீப்பில் ஏறிவிட்டாள்.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வண்டிகள் நின்றன. வண்டிக்காரர்களும் நின்றார்கள். அவள் இறங்குவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, எங்களப் பாத்தா ஏமாளியாட்டத் தெரியுதுங்களா? ரெண்டு நாளு வண்டிய வாங்கி வெச்சுப்போட்டு இப்படியா பண்ணுவீங்க? முன்னால சொட்டுச் சொட்டா வந்துச்சு. நீங்க பாத்ததுக்கப்பறம் ஊத்துதுங்க! நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இது கம்பெனிக்குள்ள நிக்கோணும். நிக்கலீன்னா எங்க பொழப்புப் போச்சுங்க. என்னங்க சொல்றீங்க?"

"மைனி, கொஞ்சம் பொறுங்க. நான் என்னன்னு பாக்கேன்," என்று மெக்கானிக் அடியில் நுழைந்தார்.

வெளியே வர நேரமாயிற்று. வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்துத்தான் வாயைத் திறந்தார்.

"வேற எங்கயும் வண்டியக் காட்டுனீங்களா?"

"நாங்க எதுக்குங்க வேற எடத்துக்குப் போறோம்? ஊட்டு முன்னாலயேதான் நின்னுச்சு," என்றாள் அவள்.

"அப்ப இங்கன வந்து குனிஞ்சு பாருங்க மைனி. நான் டைட் வச்சு முடிச்சதும் போல்ட்டுக்குப் போல்ட்டு ஒரு கோடு போடுவேன். பாதி போல்ட்டுல, பாதி சேம்பர்ல. கோடு நேரா இருந்தா நான் வச்சது வச்ச மாதிரி இருக்குன்னு அர்த்தம். இப்பப் பாருங்க, ஒண்ணாவது நேரா நிக்கா?"

அவள் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "வண்டி ஆடுனதுல கழண்டிருக்குமுங்க."

"கழண்டா கோடு இடது பக்கம் போவும். இது வலது பக்கம் போயிருக்கு. யாரோ முறுக்கியிருக்காங்க. அதும் சும்மா இல்ல, பைப்பு போட்டு. கார்க்கு பிதுங்கிக் கிழிஞ்சு வெளிய நாக்கு நீட்டிக்கிட்டு இருக்கு. விளிம்பெல்லாம் மறுபடி நெளிஞ்சு போச்சு."

"யாருங்க முறுக்குவாங்க? என்ற ஊட்டுக்காரரா? ரிமோட்டுக்கு பேட்டரி போடோணும்னாலே என்னையக் கூப்புடற மனுசனுங்க. நீங்க பண்ணுனத மறைக்க எங்க தலைமேல போடாதீங்க."

நின்றிருந்த வண்டிக்காரர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். மெக்கானிக் அதைக் கவனித்தார். நானும் கவனித்தேன்.

இப்போது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததும் நான் நினைத்தது நல்ல நினைப்பு இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் பேசிவிடுவாள். அவர் வேறு வழியில்லாமல் சரிசெய்து கொடுப்பார். நாளைக்கு லாட் எடுத்துவிடலாம். யார் முறுக்கினார்கள் என்பது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் மறந்துபோகும். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமான வேலையும் இல்லை.

அப்போது அவர், "சரி மைனி. என் தப்பாவே இருக்கட்டும். மறுபடி செஞ்சு தாரேன். சத்தம் போடாதீங்க, சோலி பாக்குற இடம்," என்று சொல்லிவிட்டு ஜாக்கியை இழுத்துக்கொண்டு வந்தார். அவர் முகம் சிறுத்திருந்தது. தைத்த ஆள் செய்யாத தப்புக்குச் சூப்பர்வைசரிடம் தலையாட்டுகிற முகம் அது. செக்கிங் டேபிளுக்கு எதிரில் அந்த முகத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"நாந்தானுங்க," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "நாந்தானுங்க," என்று மறுபடி சொன்னேன். அதுவும் பக்கத்துக் கம்பெனித் தையல் மிஷின் சத்தத்தில் போய்விட்டது. மூன்றாவது முறை கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"நாந்தான் முறுக்குனேன்."

"என்னது?" என்றாள் அவள்.

"நீ ரேசன் கடைக்குப் போயிருந்தீல்ல, அப்ப. மஞ்ச மார்க் இருந்துச்சு. டேமேஜ்னு நெனைச்சேன்."

மெக்கானிக்குக் குழப்பம். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவளும் பனியன் கம்பெனியில் வேலை செய்தவள். நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டாள். அடுத்த நொடி அவர் பக்கமே திரும்பினாள்.

"நீங்களும் ஏனுங்க மார்க்குப் போட்டீங்க? இந்த ஊர்ல மார்க்குப் போட்டா டேமேஜுன்னுதானுங்க அர்த்தம்! நல்ல பீஸுல யாராச்சும் ஸ்டிக்கர் ஒட்டுவாங்களா?"

வண்டிக்காரர்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். "அக்கா விட மாட்டாங்க போலிருக்குதுங்க," என்றார் ஒருவர். மெக்கானிக் சிரிக்கவில்லை. ஜாக்கியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு நாளு முழுசா அந்த டின்னுல உக்காந்திருந்தீங்க அண்ணாச்சி. என் கையையே பாத்துக்கிட்டு. ஒரு வார்த்தை, இது என்னதுன்னு கேட்டிருக்கலாம்லா?"

கேட்க வெட்கப்பட்டேன் என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது.

"பேக்கிங் ஒண்ணு வாங்கிட்டு வாங்க மைனி. சேம்பரத் தட்டி நிமித்தணும். முதல்ல வந்தவங்க வண்டி ரெண்டு நிக்கி, அத முடிச்சிட்டுத்தான் ஒங்களுது," என்றார்.

அவள் பஸ் பிடித்து டவுனுக்குப் போய் பேக்கிங் வாங்கி வந்தாள். நான் ஆயில் டின்மேல் உட்காரவில்லை, நின்றேன். அவர் அந்த இரண்டு வண்டிகளையும் அவசரமே இல்லாமல் பார்த்தார். ஒரு ஹெட்லைட்டைத் துடைத்துத் துடைத்து மாட்டினார். வேண்டுமென்றே நம்மைக் காக்கவைக்கிறார் என்று நினைத்தேன். அந்த ஒரு சந்தேகம் மட்டும் சரியாகத்தான் இருந்திருக்கும். மூன்று மணிக்குத்தான் ஜீப்புக்கு வந்தார்.

மறுபடி ஜாக்கி, ஸ்டாண்டு, தொங்குகிற அச்சு. ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் விளிம்பு குழிந்து போயிருந்தது. நான் இறுக்கிய இருபது இடமும் விரலால் தடவினால் தெரிந்தது. அவர் ஒவ்வொன்றாகத் தட்டி நிமிர்த்தினார். இருபதையும் எண்ணிக்கொண்டு நின்றேன். ஆறரை மணிக்கு எஞ்சினை ஓட்டிப் பார்த்து, பவுடர் நனையவில்லை என்று ஆனதும், மஞ்சள் டப்பாவை எடுத்தார். கோடு போட்டு முடித்துவிட்டு என்னிடம் கை நீட்டினார்.

"அந்த ஸ்பேனரையும் பைப்பையும் எடுங்க."

சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தன் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"நாளைக்கு லாட்ட ஏத்திட்டு இந்த வழியாத்தான போவீங்க? அப்ப வாங்கிக்கிடுங்க."

"அடுத்த வருசம் குடுத்தாப் போதுமுங்க," என்றாள் என் வீட்டுக்காரி. அப்போதுதான் அவர் சிரித்தார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கம்பெனி கேட்டில் ஜீப்பை நிறுத்தினேன். காதர்பேட்டை வியாபாரி எதிர்ப்பக்கக் கடையில் நின்றிருந்தார். எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் வண்டிக்கடியில் டார்ச் அடித்தார். அது போதாதென்று மேனேஜர் வெள்ளை வேஸ்ட் துணி ஒன்று கொண்டுவரச் சொல்லி, ஜீப் உள்ளே வந்து நின்றதும் எஞ்சினுக்கு அடியில் விரிக்கச் சொன்னார். "சும்மாதானுங்ணா," என்றார். சும்மா இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மூட்டை எடை போட்டு ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் அந்தத் துணியைப் பார்க்கவேயில்லை. மூட்டைகளை மட்டும் பார்த்தேன். என் வீட்டுக்காரி ஒவ்வொரு மூட்டைக்கும் ஒருமுறை குனிந்து பார்த்தாள். கடைசி மூட்டை ஏறியதும் வாட்ச்மேன் துணியை உருவி எடுத்து, முன்னும் பின்னும் புரட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். செக்கிங்கில் நாங்கள் செய்வது போலவே. வெள்ளை. கொஞ்சம் புழுதி மட்டும்.

மேனேஜர் கேட் பாஸில் என் வண்டி நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை நீட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாருங்ணா செஞ்சு குடுத்தது? நம்ம ஜெனரேட்டர்ல ஆறு மாசமா ஆயிலு கசிஞ்சுட்டே இருக்குதுங்க. மூணு பேரு பாத்துப்போட்டாங்க, நிக்கவே மாட்டேங்குது. அடியில சட்டி வெச்சிருக்கறமுங்க. ஆடிட்டுக்கு வர்றவங்க பாத்தா மானம் போயிரும். அந்த ஆள நம்பலாங்களா?"

என்னிடம் யாராவது இப்படிக் கேட்டால் எப்போதும் "தெரியலீங்க" என்றுதான் சொல்வேன். அது எனக்குப் பாதுகாப்பு. அவள் மூட்டைமேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பலாங்க," என்றேன். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்ததால் சொன்னேன். "வேலை சுத்தமுங்க. அவரு முடிச்சதுக்கப்பறம் வேற ஆளுக யாரும் கை வைக்காம மட்டும் பாத்துக்கோங்க."

"அப்படி யாருங்ணா வைப்பாங்க?" என்று சிரித்தார் மேனேஜர்.

ஒர்க்‌ஷாப் எந்தச் சந்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்தேன். கேட்டைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். ஜீப் நின்ற இடத்தில் மேனேஜர் குனிந்து, தரையை விரலால் தொட்டு, விரலை முகர்ந்துகொண்டிருந்தார்.